தற்காலிக லிமிட்

பென்சில் முனை தாளின் ஓரமாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இடது கையின் ஆள்காட்டி விரல் திரையில் ஒவ்வொரு வரியையும் தொட்டும் தொடாமலும் நகர, வலது கை அந்த வரிக்கு நேரே இருந்த எண்ணைத் தாளில் எழுதியது. நூற்றுப் பதினான்கு வரிகள். கடைசி வரி முடிந்ததும் கைகள் ஒரு கோடு போட்டுக் கூட்டின. பிறகு சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டின. இரண்டு தடவையும் ஏழே முக்கால்தான் வந்தது.

திரையின் மேல் மூலையோ பதினைந்தே முக்கால் என்றது.

கணக்கு உதைத்தது. பதினாறு ஜிபி மெமரி உள்ள இயந்திரத்தில் பதினைந்தே முக்கால் நிரம்பியிருந்தது. உள்ளே ஓடும் எல்லா நிரல்களையும் ஒன்று விடாமல் கூட்டினாலும் அதில் பாதிதான் தேறியது. மீதி எட்டு ஜிபியை வைத்துக்கொண்டிருப்பது யார் என்பதற்குப் பட்டியலில் பெயரே இல்லை.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் நிதானம் என்றே அழைத்தார்கள். முகத்துக்கு நேரே மரியாதையாகவும், முதுகுக்குப் பின்னால் கிண்டலாகவும். எந்தப் பழுதைக் கொடுத்தாலும் முதலில் தாளும் பென்சிலும் தேடுகிறவர். தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கும் கடையில் தொடங்கி, ஆஸ்பத்திரியின் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவராக வந்து, சுவருக்குள் கேபிள் இழுத்து, கடைசியில் சர்வர் அறைக்குள் நுழைந்தவர். படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கையேடுகளை ஒரு பக்கத்துக்கு மூன்று தடவை படித்துப் படித்தே இந்த இடத்துக்கு வந்திருந்தார்.

சர்வர் அறை கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது. துணி துவைக்கிறவர்கள் அந்த வழியாகத் தள்ளுவண்டியோடு போகும்போதெல்லாம் ஒரு வசனம் வைத்திருந்தார்கள்: இந்தப் பக்கம் குளிர்சாதனம் உள்ள அறை ரெண்டே ரெண்டு, ஒண்ணு போனவங்களுக்கு, இன்னொண்ணு போகாம உக்காந்திருக்கிறவருக்கு. நிதானமும் சிரிப்பார். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த வசனத்தை யாரும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. சிறுநீரகக் கோளாறோடு வந்தவர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று ஆய்வகம் கண்டுபிடித்துப் பதினொன்று இருபதுக்கே முடிவை அனுப்பிவிட்டது. வார்டுத் திரையில் அது தெரிந்தபோது மணி பன்னிரண்டு பத்து. இடைப்பட்ட ஐம்பது நிமிடமும் அந்த முடிவு, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த இதே இயந்திரத்துக்குள் வரிசையில் நின்றது. பன்னிரண்டு மணிக்கே அவருடைய இதயம் நின்றுவிட்டிருந்தது.

மூன்று வாரமாகவே இந்த இயந்திரம் அப்படித்தான். காலையில் ஒழுங்காக ஓடும். பத்து, பத்தரைக்கு மேல் மெமரி நிரம்பி நகர மறுக்கும். உடனே ரீஸ்டார்ட் செய்வார்கள், சில மணி நேரம் சரியாகும், மறுபடி நிரம்பும். இப்படி நிரம்பி நிரம்பி வழிவது நிரலில் கசிவு இருப்பதன் அடையாளம் என்பது ஊரறிந்த விஷயம். வாங்கிய மெமரியைத் திருப்பித் தராத நிரல் அப்படித்தான் செய்யும். மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆய்வக நிரலின் புதிய பதிப்பு ஏறியிருந்தது. எழுதியவர் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். தேதியும் பொருந்தியது, அறிகுறியும் பொருந்தியது. மேலிடத்துக்கு வேறென்ன வேண்டும். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அவள்தான் என்று முடிவானால் வேலை போவதோடு நிற்காது, போலீசுக்கும் போகும் என்று பேச்சு.

விசாரணைக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுதித் தரவேண்டியவர் நிதானம். கேட்டது கணினிப் பிரிவின் தலைவர். அவர் நிதானத்தின் மனைவிக்கு அண்ணன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதரைக் கைதூக்கி விட்டவரும் அவர்தான், அதற்குப் பிறகு தங்கையைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். திங்கட்கிழமை காலை கதவருகில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு பக்கம் போதும் மாப்ளே. புரோகிராம்ல லீக். அவ்வளவுதான். நீ பாட்டுக்குப் பென்சிலைத் தூக்கிட்டு உக்காந்துடாதே."

நிதானம் பென்சிலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். மூன்று வாரத்தில் பதினேழு தடவை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். ஒரு தடவைகூட, செய்வதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய வழக்கத்தில் அது திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுவது மாதிரி. பத்தரைக்கு இயந்திரம் நிரம்பத் தொடங்கியதும் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு எல்லா முடிவுகளையும் தாளில் எழுதி ஆள் மூலம் வார்டுகளுக்கு அனுப்பும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நூற்றுப் பதினான்கு வரிகளையும் எழுதினார்.

கசிவு என்றால் கசிகிற நிரல் வீங்கியிருக்கவேண்டும். புரோகிராமர் பெண்ணின் நிரல் அரை ஜிபிகூடப் பிடிக்கவில்லை. ஒல்லியாக, ஓரமாக உட்கார்ந்திருந்தது.

இதை வெளியாளுக்கு விளங்கவைக்க நிதானம் ஒரு லாட்ஜை உதாரணம் சொல்வார். நாம் ஒரு கணினி என்று நினைப்பது உண்மையில் கணினியே அல்ல. பெரிய இரும்புப் பெட்டி ஒன்றுதான், அதற்குள் பன்னிரண்டு கணினிகள் இருப்பதாகப் பாவனை. அவற்றுக்கு வி.எம். என்று பெயர். பெட்டிதான் லாட்ஜ், ஒவ்வொரு வி.எம்.மும் ஒரு அறை. உள்ளே இருப்பவருக்குத் தன் அறையைத் தவிர எதுவும் தெரியாது. லாட்ஜ்காரருக்கு இடம் தேவைப்பட்டால் கதவைத் தட்டிக் கேட்கமாட்டார். ஒவ்வொரு அறையிலும் ஒரு பலூனைப் போட்டு வைத்திருப்பார், அதை வெளியிலிருந்தே ஊதுவார். பலூன் பெருத்து அறையை அடைத்துக்கொள்ளும். குடியிருப்பவர் அறை நிரம்பிவிட்டது என்று நினைத்து மூட்டையைச் சுருட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்குவார். பலூன் அவர் கண்ணுக்குத் தெரியாது, அவருடைய பட்டியலிலும் வராது.

ஆக எட்டு ஜிபி பலூன். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லாட்ஜ்காரர் ஏன் ஊதவேண்டும்? இரும்புப் பெட்டியின் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு மெமரி சும்மா கிடந்தது. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத லாட்ஜில் ஒரே ஒரு அறையில் மட்டும் பலூன்.

திரையில் அந்த வி.எம்.மின் அமைப்புகள் இருக்கும் ஜன்னலைத் திறந்தார். மெமரி: பதினாறு ஜிபி. அதற்குக் கீழே, சின்ன அம்புக்குறிக்குள் மடிந்து கிடந்த வரியை விரித்தார். லிமிட்: எட்டு.

அந்த எட்டைத் தாளில் எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டார். பதினாறு இருப்பதாக அறைக்காரரிடம் சொல்லிவிட்டு, எட்டுக்கு மேல் தராதே என்று லாட்ஜ்காரரிடமும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பதினாறு இருக்கிறது என்று நம்பி, முடிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளம் கால் நீட்டும்; எட்டைத் தாண்டிய நிமிடம் பலூன் ஊதத் தொடங்கும். மூன்று வாரத்துக்கு முன்பு வரை இந்த வி.எம்.முக்கு மொத்தமே எட்டு ஜிபிதான், அதனால் லிமிட் இருந்தும் இல்லாதது போலத்தான். புதிய பதிப்பு ஏறிய அன்று, வசதியாக ஓடட்டும் என்று அதைப் பதினாறாக்கினார்கள். கூட்டிக் கொடுத்ததாலேயே மூச்சு முட்டியது.

திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு லிமிட்டை நீக்கினார். ஆறு நிமிடத்தில் பலூன் சுருங்கி இல்லாமல் போயிற்று. ஆய்வகத்துக்குப் போன் செய்து, இனி திரையிலேயே அனுப்பலாம் என்றார்.

வேறொருவராக இருந்தால் அன்றே அறிக்கை எழுதியிருப்பார். நிதானம் இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த வி.எம்.முக்கு இரண்டு நகல்கள் செய்தார். ஒன்றில் பழைய பதிப்பு நிரல், லிமிட் எட்டு. இன்னொன்றில் அந்தப் பெண்ணின் புதிய பதிப்பு, லிமிட் இல்லை. இரண்டுக்கும் சாதாரண நாளின் வேலையையே கொடுத்து, கால் மணிக்கு ஒரு தடவை எண்களை எழுதினார். பழைய பதிப்பு இரண்டு நாளும் பத்தரைக்கு மேல் திணறியது. புதிய பதிப்பு காலை முதல் மாலை வரை ஒரே கோட்டில் போயிற்று.

புதன்கிழமை மதியம் புரோகிராமர் பெண் தன் மேசையில் இருந்த சாமான்களை எடுத்துப் போக வந்தாள். காவலாளி ஒருவர் துணைக்கு, அல்லது காவலுக்கு. கையில் தடிமனான காகிதக் கட்டு. தன் நிரல் முழுவதையும் அச்சடித்து எட்டு நாளாக வரி வரியாகப் படித்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது.

"நான்தாண்ணா செஞ்சிருக்கணும்" என்றாள். "எங்கன்னுதான் தெரியல. தெரியாமலே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வச்சிருக்கேன். அதைக் குடுத்துட்டா போலீஸ் வரைக்கும் போகாதுன்னு உங்க மச்சான் சொன்னாரு."

நிதானம் காவலாளியைப் பார்த்தார். அவர் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துடாதேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் கையிலேயே வை."

"என் கோட்ல லீக் இல்லையா?"

"உன்னோடதுல ஒண்ணும் இல்ல. லிமிட்ட யாரோ போட்டுட்டு மறந்துட்டாங்க. யாருன்னு மட்டும் பாத்துடறேன்."

அவள் காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். பிறகு சாமான்களை எடுக்காமலே போய்விட்டாள்.

யார் என்பதில் நிதானத்துக்கு ஓர் ஊகம் இருந்தது. இந்த வி.எம்.கள் எல்லாம் ஒரே மூலப்படியிலிருந்து நகலெடுத்தவை. ஆறு வருடத்துக்கு முன்பு அதைச் செய்த காலத்தில் வெளியிலிருந்து ஓர் ஒப்பந்தப் பொறியாளர் வந்துபோய்க்கொண்டிருந்தார். அவசரக்காரர். எங்கேயோ கண்காணாத இடத்துக்குப் போய்விட்டவர். அவர் தலையில் எழுதினால் யாருக்கும் வலிக்காது. அறிக்கையின் வரைவில் அந்த வாக்கியத்தை எழுதியும் விட்டார். ஆனால் பார்க்காமல் எழுதியது அவருக்கு உறுத்தியது. இரும்புப் பெட்டி தன் பதிவுகளை முப்பது நாளுக்குமேல் வைத்திருக்காது. அதைத் தாண்டினால் இருப்பது ஒன்றுதான்: சர்வர் அறையில் எதை மாற்றினாலும் தேதி போட்டுக் கையால் எழுதும் குறிப்பேடு. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நிதானம்தான். எழுதாதவர்களைச் சாவிக்கொத்தைக் கொடுக்காமல் நிற்கவைத்துவிடுவார்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தார். புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றார். சாய்ந்த, குட்டையான எழுத்து. எண்களுக்குக் கீழே இரட்டைக் கோடு.

'மூலப்படி வி.எம். லிமிட் 8. சோதனைக்காக, தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்க வேண்டும்.'

நிதானத்தின் எழுத்து.

எந்தச் சோதனை, எதற்காக என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அடுத்த பக்கம் அந்தத் திங்கட்கிழமைக்கு உரியது. பேட்டரி அறையில் தீப்பொறி, நாள் முழுக்க அங்கே வேலை என்று அதே கையெழுத்தில் எழுதியிருந்தது. லிமிட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு எட்டைப் பதினாறாக்கிய குறிப்பும் புதிய நோட்டில் அவர் எழுத்திலேயே இருந்தது. அன்றைக்கு அம்புக்குறிக்கு மேலே இருந்த எண்ணை மாற்றியிருக்கிறார். கீழே விரித்துப் பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்துச் சலவைக்கூடத்தில் துணிகள் இயந்திரத்துக்குள் புரண்டு புரண்டு விழும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை அறிக்கையின் நகலை மச்சானிடம் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். முதலில் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார். லிமிட் விஷயத்தை எழுதுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஆனால் மூலப்படியிலேயே இருந்தது, யார் போட்டது என்று உறுதியாகத் தெரியவில்லை என்று முடித்துவிடலாம். நோட்டு என்று ஒன்று இருப்பது விசாரணைக் குழுவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

உறுதியாகத் தெரியவில்லை என்றால் அவர்கள் யாரைப் பிடிப்பார்கள் என்று நிதானம் கேட்டார். பதிலுக்காக அல்ல. ஏற்கெனவே கையில் இருப்பவளை விட்டுவிட்டு யாரைத் தேடப் போகிறார்கள்.

"அவ ஒண்டிக்கட்டை மாப்ளே. இந்த வேலை இல்லன்னா இன்னொரு வேலை. உனக்கு வீட்ல ரெண்டு பொண்ணு. அதுவும் என் தங்கச்சி பொண்ணுங்க."

"கடிதம் எழுத வச்சது நீங்களா மச்சான்?"

மச்சான் அறிக்கையை மறுபடி கையில் எடுத்தார். பதினேழு ரீஸ்டார்ட்டும் தன் உத்தரவு என்பது அறிக்கையில் தனி வரியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். குரல் இறங்கியிருந்தது. "பேட்டரிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்த ஆளை இங்க கொண்டாந்து உக்கார வச்சேன். நல்லாத்தான் செஞ்சே" என்றார். நகலைத் திருப்பி நீட்டியபோது, அது மேசையில் விழுந்த பிறகும் அவர் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மனைவி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு சீருடையின் கைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முதல் நாள் அண்ணன் போன் செய்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருந்தது. நிதானம் செருப்பைத் தேடுவது போல அங்கேயே நின்றார். எதையாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், கொஞ்ச நாள் சிரமமாக இருக்கும் என்று அரைகுறையாகச் சொன்னார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அண்ணன் அழுதுச்சு" என்றாள். ஒரு தையல் முழுவதும் ஓடி முடிந்து நூலைக் கத்தரித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நான் உங்கள எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன், எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டுல எது சொன்னாலும் நாளைக்கு என்னைத்தான் குறை சொல்லுவீங்க."

"உன்ன நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"அப்ப கிளம்புங்க. மணி ஆச்சு."

ஆஸ்பத்திரியின் முதல் மாடிப் படிக்கட்டில் ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஆய்வகத் தாள்கள். நிதானத்தின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, விசாரணை எந்த அறையில் என்று கேட்டாள். வேன் ஓட்டுநரின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது. தன்னோடு வரும்படி சொல்லி, அவள் வேகத்துக்குப் படி ஏறினார்.

"கம்ப்யூட்டர் மெதுவாப் போயிடுச்சுன்னு சொன்னாங்க சார்" என்றாள் அவள், திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது. "அது மெஷின்தானே. மனுசன் மாதிரி அதுவும் மெதுவாப் போகுமா?"

"போகும்மா."

"யாராச்சும் ஏதாச்சும் பண்ணினாத்தான் போகுமா, தானாவே போகுமா?"

நிதானம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு அவரிடம் மூன்று பக்கப் பதில் இருந்தது. "யாராச்சும் பண்ணினாத்தான்மா" என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். மறுபடி படி ஏறத் தொடங்கினாள்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் புரோகிராமர் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் உறை. கடிதம் அதற்குள்தான் இருக்கவேண்டும். வேன் ஓட்டுநரின் மனைவி இடம் தேடி அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். யார் யார் என்று இருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

உள்ளே நீண்ட மேசை. நடுவில் விசாரணை நடத்தும் மூத்த பெண் மருத்துவர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், கடைசி நாற்காலியில் மச்சான். அவர் மேசைமேல் கிடந்த பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் தனக்குக் கணினி தெரியாது, ஒரே வரியில் சொல்லமுடியுமா என்று கேட்டார்.

நிதானம் ஒரு வரிக்குமேல் எடுத்துக்கொண்டார். நிரலில் கசிவு இல்லை என்றும், அதை இரண்டு நாள் சோதித்த எண்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன என்றும் சொன்னார். பதினாறு தருவதாகக் காட்டிவிட்டு எட்டோடு நிறுத்திய ஒரு அமைப்புதான் காரணம் என்றார். மருத்துவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அதை வச்சது யாருன்னு தெரியுமா?"

"மூணாவது பக்கத்துல இருக்கு மேடம். நோட்டையும் கொண்டுவந்திருக்கேன்."

"பேரைச் சொல்லுங்களேன்."

"நான்தான்" என்றார் நிதானம். மூன்று பக்கங்களையும் நோட்டின்மேல் வைத்து, ஓரங்களை ஒரு தடவை தட்டிச் சீராக்கி, இரண்டு கையாலும் மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். மருத்துவர் எழுந்து வாங்கிக்கொண்டார்.